ஒரு ராத்திரிக்கு ஒரே கிடார்: மெல்லிசை மேடைக்கு மின்கிடார் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில். ஆடித் திருவிழா. இரவு பத்தரை மணிக்கு என் அக்கா மகனின் கிடாரில் மூன்றாவது கம்பி அறுந்தது. கம்பி அறுவது மேடையில் புதிதல்ல. மீதி ஐந்தை வைத்துப் பாட்டை முடித்துவிடலாம். ஆனால் அவன் வைத்திருந்தது ஃபிளாய்ட் ரோஸ் வகை, மிதக்கும் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பகுதி) உள்ள கிடார். கம்பிகளின் இழுவையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுவையும் சமமாக நிற்கும்வரைதான் அதில் சுருதி நிற்கும். ஒரு கம்பி போனதும் ஸ்பிரிங் பக்கம் பலம் கூடி, மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிட்டன. அவன் வால்யூமை மூடிவிட்டு நின்றான். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் கிடார் பகுதியையும் சேர்த்து வாசித்து அந்தப் பாட்டைக் கரை சேர்த்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "மாமா, எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரே ஒரு கிடார் சொல்லுங்க. ரெண்டு வாங்க வசதியில்ல."

நான் பல வருடம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவன். இப்போது கிடார்களைச் செட்டப் செய்து, அதாவது வாசிக்க வாகாகச் சீர்படுத்தி, கொடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இவன் விஷயத்தில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. முழுசாக உட்கார்ந்து பார்த்தோம். அதை வரிசையாக எழுதிவைத்தால் இதே கேள்வியோடு இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் பாட்டுப் பட்டியல்

அவனுக்கு நான்கு விதமான வேலை. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை, அப்புறம் கல்லூரி நண்பர்களோடு ஒரு ராக் குழு. தன்னை அவன் ராக் கிடாரிஸ்ட் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். முதல் கிடாரை அந்த நினைப்பில்தான் வாங்கியிருந்தான்: இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் தடித்த ஒலி தரும் வகை), ஃபிளாய்ட் ரோஸ், மெல்லிய கழுத்து.

எந்தக் கிடாரைப் பற்றியும் பேசுவதற்கு முன், கடைசி மூன்று நிகழ்ச்சிகளில் வாசித்த பாட்டுகளை நோட்டில் எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கிடார் அங்கே என்ன வேலை செய்கிறது என்று மட்டும் குறிக்கவேண்டும். கார்டைப் பிரித்து மீட்டுகிறதா, வெட்டி வெட்டித் தாளம் போடுகிறதா, பாட்டுக்கு நடுவில் தனியாகப் பாடுகிறதா, பின்னால் நுரை மாதிரி நிற்கிறதா என்று.

பட்டியல் முடிந்ததும் அவனே அமைதியாகிவிட்டான். முக்கால்வாசிக்கும் மேல் டிஸ்டார்ஷனே, அதாவது வேண்டுமென்றே ஏற்றும் கரகரப்பே, இல்லாத சுத்தமான ஒலி. எண்பதுகளின் பாட்டுகளில் வரும் பிரித்து மீட்டும் கார்டுகள், ஃபங்க் வெட்டு, குத்துப் பாட்டில் தவிலுக்கும் டோலக்குக்கும் நடுவே சன்னமாகக் கேட்கவேண்டிய ரிதம், ஆராதனையில் டிலே (எதிரொலி) போட்டு மெல்ல எழும்பும் ஒலி. கனமான டிஸ்டார்ஷன் கேட்கும் பாட்டுகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கின. தேர்வின் பாதி அந்த நோட்டிலேயே முடிந்துவிட்டது என்பேன். பல பாணிகள் வாசிக்கிறேன் என்கிறவர் எந்தப் பாணியை எவ்வளவு நேரம் வாசிக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கனமான ஒலியைப் பிராசசர் என்னும் ஒலி மாற்றும் பெட்டி ஓரளவு உண்டாக்கிக் கொடுத்துவிடும். பிக்கப்பிலிருந்து வராத தெளிவை எந்தப் பெட்டியாலும் உண்டாக்க முடியாது.

அரைக் கட்டை

பட்டியலில் எழுத முடியாத ஒன்றும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குப் பாடகரின் தொண்டை இறங்கும். "தம்பி, அடுத்ததை அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்று காதில் சொல்வார். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கிடாரில் கார்டை மாற்றிப் போடலாம். ஆனால் திறந்த கம்பி ஒலித்தே ஆகவேண்டிய பாட்டு என்றால் கம்பிகளை இறக்கித்தான் ஆகவேண்டும். ஃபிளாய்ட் ரோஸில் நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பக்கமே கம்பிகள் பூட்டப்பட்டிருக்கும். பிரிட்ஜில் இருக்கும் நுண்திருகுகளில் எல்லாக் கம்பிகளையும் அரைக் கட்டை இறக்கும் அளவுக்குத் தூரம் பெரும்பாலும் இருக்காது. ஆலன் சாவி எடுத்துப் பூட்டைத் திறந்து சுருதி சேர்க்கவேண்டும். ஒரு கம்பியை இறக்கினால் மிதக்கும் பிரிட்ஜ் மற்றவற்றை ஏற்றிவிடும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வரவேண்டியிருக்கும். ராக் குழுவில் ஆறாவது கம்பியை மட்டும் முழுக் கட்டை இறக்கும் டிராப் டி டியூனிங்குக்கும் இதே பாடுதான்.

ஆகவே முதல் நிபந்தனை: பிரிட்ஜ் அசையாததாக இருக்கவேண்டும், அல்லது அசையாமல் நிறுத்திவைக்க முடிகிறதாக இருக்கவேண்டும். ஃபிளாய்ட் ரோஸ் மோசமான கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவரவில்லை. பிரிட்ஜை அசைக்கும் ட்ரெமலோ நெம்புகோலால் கம்பிகளை அடியோடு தளர்த்தி மேலே கொண்டுவந்தாலும் சுருதி மாறாமல் நிற்கிறதே, அது பெரிய விஷயம். இவன் வேலைக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஜெனரேட்டரும் எல்இடி திரையும்

பிக்கப் வகையைப் பற்றி இணையத்தில் நடக்கும் பேச்செல்லாம் ஒலி பற்றியே இருக்கிறது. நம் ஊர் மேடையில் இரைச்சலையும் அதே அளவு யோசிக்கவேண்டும்.

சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தின்மேல் சுற்றிய ஒரு கம்பிச் சுருள். கிடார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற மாதிரியே பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதன் இரட்டிப்பு 100. ஐந்து கட்டை சுருதியின் கீழ் ஸ்தாயி ஸ்வரம் 98 சுற்றில் இருக்கிறது. அதாவது நம் ஊர் மேடை இரைச்சல் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். ஐந்து கட்டைப் பாட்டில் மெல்லிய இடத்தில் அந்த இரைச்சல் வந்தால், சுருதி தப்பிய தம்பூரா பின்னால் ஓடுவது போலக் காதை அறுக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று என்பதால் அங்கே அது வேறு ஸ்வரத்தருகே விழுகிறது.

கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் இதற்குத்தான் ஹம்பக்கரை வடிவமைத்தார். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957-ல் கிடார்களில் வந்தது. இரண்டு சுருள்கள். ஒன்றின் காந்த முனையும் சுற்றும் திசையும் மற்றதற்கு நேரெதிர். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடிவரும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூடவே கொஞ்சம் மேல் ஒலியும் அழியும். அதனால்தான் அதன் குரல் தடிமனாகிறது. அமைதிக்குக் கொடுக்கும் விலை அது.

கோயில் திடலில் ஜெனரேட்டர், பின்னால் எல்இடி திரை, தலைக்குமேல் டிம்மர் விளக்குகள். சிங்கிள் காயில் கிடாரில் கெயின் (ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்றினால் பாட்டைவிட இரைச்சல் முந்திக்கொள்ளும். கிடாருக்கு உள்ளே செம்புத் தகடு ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விளக்கிலிருந்தும் திரையிலிருந்தும் வரும் கீச்சென்ற சத்தத்தை அது குறைக்கும். மின்மாற்றியிலிருந்து வரும் கனத்த ஹம்மிங், காந்தப்புலத்தின் வழியாக வருவது. செம்புத் தகடு அதைத் தடுக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கிடாரின் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை. பிராசசர் ஒரு போர்டிலும் மைக் மிக்சர் வேறொரு போர்டிலும் செருகியிருந்து எர்த் சரியில்லாமல் போனால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைக்கும் நேரத்தில் ஷாக் அடிக்கும். இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகச் சொல்லுங்கள். பிளக்கின் மூன்றாவது முள்ளை யாரும் ஒடிக்க விடாதீர்கள். இது உயிர் விஷயம்.

யார் யார் பந்தயத்தில்

நாற்பதாயிரம் ரூபாய் அவன் கையில் இருந்தது. அதற்குள் ஐந்து வகைகளை எடுத்துப் பார்த்தோம்.

மூன்று சிங்கிள் காயில் உள்ள ஸ்ட்ராடோகாஸ்டர் வகை. ஃபெண்டர் 1954-ல் கொண்டுவந்தபோது அதில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை ஸ்விட்ச்தான். வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திப் புது ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977-ல் கம்பெனியே ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டுக்கொடுத்தது. அந்த நடு நிலைகளின் கிண்ணென்ற ஒலிதான் எண்பதுகளின் சுத்தமான ரிதத்துக்கு உயிர். இவன் பட்டியலின் பெரும்பகுதிக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. வால்யூம் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இன்னொரு வசதி. ஆராதனையில் ஒலியை மெல்ல எழுப்ப அது வேண்டும். தடை ஒன்றுதான்: பிரிட்ஜ் பிக்கப்பில் கெயின் ஏற்றினால் இரைச்சல்.

இரண்டு ஹம்பக்கர் உள்ள லெஸ் பால் வகை. தடித்த லீடுக்கு (தனி வாசிப்புக்கு) நிகரில்லை, பிரிட்ஜும் அசையாது. ஆனால் நான்கு கிலோ பக்கம் எடை. நாலு மணி நேரம் நின்று வாசிக்கிறவனின் தோளைக் கேட்டால் தெரியும்.

டெலிகாஸ்டர் வகை என் சொந்த விருப்பம். இரண்டு பிக்கப், அசையாத பிரிட்ஜ், கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. கன்ட்ரி கிடார் என்று முத்திரை குத்தப்பட்ட அதில்தான் ஜிம்மி பேஜ் லெட் செப்பலினின் 1969 முதல் ஆல்பத்தைப் பெரும்பாலும் வாசித்தார். கனடாவின் எட் பிக்கெர்ட் அதே கிடாரில் மென்மையான ஜாஸ் வாசித்தார். பிக்கப் எண்ணிக்கையைவிடக் கை எவ்வளவு பெரியது என்பதற்கு இவர்களைத்தான் சொல்வேன். அக்கா மகன் எடுத்து வாசித்தான், மனம் ஒட்டவில்லை. அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது.

லாரி கார்ல்டன் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லா வகை இசைக்கும் எடுத்துப்போன 335 வகை, அதாவது பாதி உள்ளீடற்ற உடல் கொண்டது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் அலறும் மேடையில் கெயின் ஏற்றினால் ஊளையிடும். விட்டுவிட்டோம்.

ஐந்தாவது எச்எஸ்எஸ்: பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்திலும் சிங்கிள் காயில். யமஹா பசிஃபிகா 112வி இந்த அமைப்புக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஆல்டர் மர உடல், கழுத்தில் 22 ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), ஐந்து நிலை ஸ்விட்ச். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து சிங்கிள் காயிலாகிவிடும். விரல் பதிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் வளைவு 350 மில்லிமீட்டர் ஆரம், கிட்டத்தட்ட தட்டை.

இந்த வளைவை வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை. நம் பாட்டுக்கு அது முக்கியம். கமகம் உள்ள வரியைக் கிடாரில் பாடவைக்கவேண்டுமென்றால் கம்பியை ஒரு முழு ஸ்வரம், சில நேரம் அதற்கு மேலும் வளைக்கவேண்டும். பழைய ஃபெண்டர் கழுத்துகளின் ஆரம் 184 மில்லிமீட்டர். கார்டு பிடிக்கக் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் கம்பிகளைத் தாழ்வாக வைத்துக்கொண்டு பதினைந்தாவது ஃப்ரெட்டில் வளைத்தால், கம்பி பக்கத்து ஃப்ரெட்டில் முட்டி ஒலி செத்துவிடும். கர்னாடக இசையையே மின்கிடாரில் கச்சேரியாக வாசித்த சுகுமார் பிரசாத்தையும் பிரசன்னாவையும் கேட்டு வளர்ந்த பையன் இவன். வளைவு அதிகமான கழுத்து இவனுக்கு முட்டுக்கட்டையாகிவிடும்.

கடையில்

கடைக்குப் போனதும் அவன் கை நேரே டிஸ்டார்ஷன் பெடலுக்குப் போனது. நிறுத்தினேன். டிஸ்டார்ஷனில் கிடார்களின் வித்தியாசம் பாதி மறைந்துவிடும். முதலில் ஆம்பில் செருகாமலே வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பி. செத்த இடம், உறுமும் இடம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் எல்லாக் கம்பிகளையும் பலமாக வளைத்துவிட்டுச் சுருதி பார்த்தோம். மூன்றாவது கம்பி நட்டில் சிக்கி இறங்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும்.

பிறகு ஆம்பில், சுத்தமான ஒலியில், பட்டியலிலிருந்து ஐந்தே பாட்டு. வால்யூம் பத்தில் ஒரு தடவை, ஐந்தில் ஒரு தடவை. ஐந்துக்கு இறக்கும்போது ஒலி மட்டும் குறையவேண்டும். கம்பளி போர்த்தின மாதிரி ஆகக் கூடாது. பெரும்பாலான கிடார்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. கடைசியாக, ஆம்பின் மின்மாற்றிப் பக்கம் கிடாரைக் கொண்டுபோய் ஒவ்வொரு நிலையிலும் இரைச்சலைக் கேட்டோம்.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து, எது எந்தக் கிடார் என்று சொல்லாமல் அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம். அக்காவுக்குக் கிடார் தெரியாது, பாட்டு தெரியும். லீடில் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிரித்து மீட்டிய கார்டுகள் வந்ததும், இரண்டு ஹம்பக்கர் கிடாரில் சுருளைப் பிரித்து எடுத்த ஒலியைக் கேட்டு, "இது மட்டும் ஒல்லியா, வேற எங்கேயோ இருந்து கேக்குற மாதிரி இருக்குடா" என்றார். அதுதான் உண்மை. ஹம்பக்கரின் ஒரு சுருளை அணைத்தால் கிடைப்பது, சிங்கிள் காயிலாகவே சுற்றப்பட்ட பிக்கப்பின் ஒலி ஆகாது. அவசரத்துக்கு உதவும். ராத்திரி முழுக்க அதைக் கேட்கவேண்டியிருந்தால், நிஜமான சிங்கிள் காயிலே வேண்டும்.

எனவே எச்எஸ்எஸ். நிறைய நேரம் வேண்டிய ஒலிக்கு நிஜமான பிக்கப், குறைந்த நேரம் வேண்டிய கனத்துக்கு இரைச்சலில்லாத ஹம்பக்கர். கடையில் வாங்காமல், ஒரு வாசிப்பாளரிடம் பழைய கிடாராக அந்த அமைப்பில் ஒன்று கிடைத்தது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. அமைப்புதான் முக்கியம். அதில் மிச்சமான பணம் செட்டப்புக்குப் போனது.

என் மேசையில்

பின்னால் மூன்று ஸ்பிரிங் இருந்தது. ஐந்தாக்கி, திருகுகளை இறுக்கி, பிரிட்ஜ் தட்டு உடலோடு ஒட்டி உட்காரும்படி வைத்தேன். இனி கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது. ட்ரெமலோ நெம்புகோலை அமுக்கிச் சுருதியை இறக்கலாம், ஏற்ற முடியாது. அந்த இழப்பை அவன் ஏற்றுக்கொண்டான்.

கம்பிகளின் தடிமன் 10-லிருந்து 46 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அரைக் கட்டை இறக்கினாலும் தொளதொளவென்று ஆகாத கனம். நட் பள்ளங்களை அந்தக் கனத்துக்குத் தேய்த்துவிட்டேன்.

வால்யூம் குமிழில் 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் பக்கவாட்டில் வைத்தேன். வால்யூமைக் குறைக்கும்போது மேல் ஒலி தப்பித்து வர அது வழிவிடும். ஐம்பது ரூபாய்கூட ஆகாத வேலை. இந்தக் கிடாரைப் பல பாணிக்கு ஏற்றதாக்கியதில் இதன் பங்கு பெரிது. பிராசசரில் மிதமான கெயினை வைத்துவிட்டு, வால்யூம் நான்கில் ரிதம், ஏழில் கொஞ்சம் கரகரப்பு, பத்தில் லீடு என்று காலால் எதையும் மிதிக்காமல் அவனால் போய்வர முடிகிறது.

எச்எஸ்எஸ் அமைப்பில் ஒரு பிணக்கு உண்டு. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் வால்யூம் குமிழ் பொருந்தும், ஹம்பக்கருக்கு 500. 500 போட்டால் சிங்கிள் காயில் காதைக் குத்தும், 250 போட்டால் ஹம்பக்கர் மந்தமாகும். 500 போட்டு, சிங்கிள் காயில் நிலைகளில் மட்டும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இணையாகச் சேரும்படி ஸ்விட்சில் கம்பி இழுத்தேன். சேர்ந்தால் 242 பக்கம் வரும். இரண்டு பக்கமும் சமாதானம்.

எட்டு மாதம் கழித்து

நன்றாகப் போனவை: கம்பி இரண்டு தடவை அறுந்தது, இரண்டு தடவையும் பாட்டு நிற்கவில்லை. அரைக் கட்டை இறக்குவது அறிவிப்பாளர் பேசும் நேரத்துக்குள் முடிகிறது. சர்ச்சில் கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்த நான்காவது நிலையையே முழுக்க வைத்திருக்கிறான்.

சரியாகாதவையும் உண்டு. எல்இடி திரைக்கு முன்னால் நின்று கழுத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து லீடு வாசித்தால் இரைச்சல் வரத்தான் செய்கிறது. நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால் நான்காவது நிலையில் அது அடங்குகிறது, ஆனால் லீடின் உருண்டை கொஞ்சம் போகிறது. கழுத்தில் சிங்கிள் காயில் அளவுக்குள் அடங்கும் இரட்டைச் சுருள் பிக்கப் போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தப் பிக்கப்பின் தெளிவுக்காகத்தான் இந்தக் கிடாரையே எடுத்தோம். திரையைப் பார்த்து நிற்காமல் கால்வட்டம் திரும்பி நின்றால் இரைச்சல் பாதியாகும் இடம் ஒன்று ஒவ்வொரு மேடையிலும் இருக்கிறது. சவுண்ட் செக்கில் அதைத் தேடி டேப் ஒட்டிக்கொள்கிறான்.

ராக் குழுவின் டிரம்மருக்கு இந்தக் கிடாரின் கனம் போதவில்லை. அது நியாயமான குறை. ஹம்பக்கரை ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்தினேன், கொஞ்சம் நெருங்கியது. பழைய கிடாரை விற்காமல் அந்தக் குழுவுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான்.

சித்திரை வெயிலில் ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கி, ஃப்ரெட் நுனிகள் விளிம்பில் முள்ளாகத் துருத்தின. அரம் போட்டுத் தேய்த்தேன். கம்பி உரசி உரசி முதல் ஐந்து ஃப்ரெட்டுகள் பள்ளமாகிக்கொண்டு வருகின்றன, முக்கியமாகக் கம்பியை வளைக்கும் இடங்களில். அடுத்த ஆடி சீசன் தாங்கும். அது முடிந்ததும் கிடாரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் போடப்போகிறோம்.